வெயிலம்மாள் படுத்துப் பார்த்த இடங்கள்

வெயிலம்மாளிடம் நாய்க்குட்டி கேட்டுப் போகிறவர்களுக்கு ஒரு நிபந்தனை உண்டு. குட்டி எந்த இடத்தில் தூங்கப் போகிறதோ, அந்த இடத்தில் முதலில் வெயிலம்மாள் படுத்துப் பார்ப்பாள்.

பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையாகவே படுப்பாள். சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, வெறுந்தரையில், முதுகு முழுக்கப் படும்படி கால் மணி நேரம். வீட்டுக்காரர்கள் சுற்றி நின்று முழிப்பார்கள். எழுந்ததும் "சரி" என்று ஒரு சொல் சொல்வாள். சரியில்லை என்றால் அந்தச் சொல் கிடைக்காது. குட்டியை மடியில் போட்டுக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவாள்.

கோவில்பட்டியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் விஜயராஜ் மூன்று வருடத்துக்கு முன்னால் குட்டி கேட்டார். போர்ட்டிகோவில் புதுசாக டைல்ஸ் பதித்திருந்தார்.

"இங்கனதான் படுக்கும்கா. பாருங்க, கண்ணாடி மாதிரி இருக்கு" என்றார்.

வெயிலம்மாள் படுத்தாள். இரண்டே நிமிடத்தில் எழுந்துவிட்டாள்.

"கண்ணாடில எவனாச்சும் படுப்பானா அண்ணாச்சி? மார்கழில விடியக்காலம் அஞ்சு மணிக்கு நீங்க சட்டையக் கழத்திட்டு இதுல படுங்க பாப்போம்."

"நாய்தானக்கா" என்று விஜயராஜ் சிரித்தார்.

"நாய்தான். அதுக்கு உங்கள மாதிரி தொந்தி இல்லல்லா?"

விஜயராஜின் மனைவி உள்ளே ஓடிப்போய்ச் சிரித்தாள். மறுநாளே நான்கு செங்கல், அதன்மேல் ஒரு பலகை, பலகைமேல் இரண்டு சணல் சாக்கு என்று ஏற்பாடு ஆனது. வெயிலம்மாள் மறுபடியும் பஸ் ஏறி வந்து, மறுபடியும் படுத்துப் பார்த்து, "சரி" என்றாள்.

அவள் வளர்ப்பது சிப்பிப்பாறை நாய். தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றும் இல்லாத ஜாதி. முயல் பின்னால் ஓடுவதற்கும் சித்திரை வெயிலைத் தாங்குவதற்கும் பொருத்தமான உடம்பு. குளிர் என்று வந்தால் அதற்குப் போர்வை கிடையாது, முடியும் கிடையாது. "கரிசக்காட்டுல என்ன குளிரு" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். ஐப்பசி, கார்த்திகையில் குடித்த தண்ணீரையெல்லாம் கரிசல் மண் மார்கழியில் பையப் பைய மேலே விடும். மேலே பனி, கீழே ஈரம். நடுவில் படுத்திருக்கும் நாய் என்ன செய்யும்?

இதைத்தான் வெயிலம்மாள் போனில் ஓயாமல் சொல்வாள். மார்கழி பிறந்தால் அவள் போன் ஓயாது. அவளிடம் குட்டி வாங்கிப் போனவர்கள் எட்டயபுரத்திலிருந்தும் மணியாச்சியிலிருந்தும் கூப்பிடுவார்கள்.

"மேல என்னத்தப் போத்தணும்னு கேக்காதீங்க. கீழ என்ன கெடக்குன்னு பாருங்க. சணல் சாக்குதான் போடணும். உரச்சாக்கு போட்டீங்கன்னா வேத்து நனையும். பழைய பனியன் இருந்தா முன்னங்காலு ரெண்டையும் கைக்குள்ள விட்டு மாட்டி விடுங்க. ராத்திரி வெறும் வயித்தோட படுக்கப் போடாதீங்க. அம்புட்டுதான், வையுங்க."

வெயிலம்மாளுக்கு இப்போது ஐம்பத்தேழு வயது. புதூருக்குத் தெற்கே, ஊர்க்கடைசி வீடு. புருஷன் போய்ப் பதினைந்து வருடம் ஆகிறது. மகள் திருப்பூரில் இருக்கிறாள். இருபத்திரண்டு வெள்ளாடு, ஒரு நாய். ஆடு வாங்குவதற்கு முன்னால் பதினொரு வருடம் தீப்பெட்டிக் கம்பெனிக்குப் போனாள். அந்தக் கதையையும் சொல்லிவிட வேண்டும். படுத்துப் பார்க்கும் பழக்கத்துக்கு வேர் அங்கேதான் இருக்கிறது.

அந்தக் கம்பெனியின் வேன் ரிப்பேர் ஆன ஒரு மார்கழியில் பெண்களை ஏற்றிப்போகத் திறந்த லாரி வந்தது. விடியற்காலை நாலரை மணி. முப்பது பேர், தலையில் முக்காட்டோடு, பனியில் நின்றுகொண்டே இருபத்தைந்து கிலோமீட்டர் போக வேண்டும். நான்கு நாள் போனார்கள். ஐந்தாம் நாள் வெயிலம்மாள் லாரியில் ஏறவில்லை. முன்சக்கரத்துக்கு முன்னால் தார்ரோட்டில் படுத்துவிட்டாள். கோஷம் இல்லை, கொடி இல்லை. டிரைவர் இறங்கி வந்து கெஞ்சினான். "மூடுன வண்டி வந்தா எந்திக்கேன். நீ போயி ஒங்க மொதலாளிட்டச் சொல்லு. ரோடு நல்லா சில்லுன்னு இருக்கு, அவியளையும் வந்து ஒரு நிமிசம் படுக்கச் சொல்லு" என்றாள். ஏழு மணிக்கு மூடின வண்டி வந்தது.

தரை எப்படி இருக்கிறது என்பது அதில் படுக்காதவனுக்குத் தெரியாது. அன்று கற்றதை அவள் அதற்குப் பிறகு மறக்கவில்லை.

ஆகவே வெயிலம்மாளுக்கு ஒரு பெயர் இருந்தது: அவள் வீட்டில் பிறந்த குட்டி குளிரில் செத்ததில்லை. அவளே அதைச் சொல்லிக்கொள்வாள், கூச்சப்படாமல். போன மார்கழியில்தான் அந்தப் பெயருக்குச் சோதனை வந்தது.

அவளுடைய நாய் செவலை ஆறு குட்டி போட்டிருந்தது. குட்டிகளுக்கு ஐந்து நாள் ஆனபோது, செவலை மக்காச்சோளக் காட்டு ஓரமாகப் போன இடத்தில் காட்டுப்பன்றி குத்திவிட்டது. விலாவில் ஒரு சாண் நீளத்துக்குக் கிழிசல். வெயிலம்மாள் நாயைச் சேலையில் சுற்றி, ஆட்டோ பிடித்து, கால்நடை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். டாக்டர் உமாராணி, சின்னப் பெண், தையல் போட்டு ஊசியும் போட்டாள்.

"பால் கொடுக்கும்மா, பயப்படாதீங்க. பால் குடிக்கிற நேரத்துக்கு மட்டும் குட்டிகளைக் கொண்டுபோய் விடுங்க. ஆனா ராத்திரி தாய்கிட்டப் போடாதீங்க. காய்ச்சல்ல உருளும், குட்டி நசுங்கிரும்."

"அப்பம் குட்டிக்குச் சூடு?"

"அதுதான் விஷயம். ரெண்டு வாரத்துக்குக் குட்டிக்குச் சொந்தச் சூடு கிடையாது. வெளியிலேருந்து நீங்கதான் கொடுக்கணும். இன்னொண்ணு, சில்லுன்னு இருக்கிற குட்டிக்குப் பால் கொடுத்துராதீங்க, செமிக்காது. மொதல்ல சூடாக்கணும். அப்புறம்தான் பால்."

"எனக்கு இதெல்லாம் சொல்லணுமா தாயி" என்றாள் வெயிலம்மாள். பெருமையாகத்தான் சொன்னாள்.

அன்று ராத்திரி ஆறு குட்டிகளையும் தன் மடியில் போட்டு, மேலே கம்பளியைப் போர்த்திக்கொண்டு, சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். மனுஷ உடம்பைவிடச் சூடு வேறு எது? பகலெல்லாம் ஆட்டோவிலும் ஆஸ்பத்திரியிலும் அலைந்த உடம்பு அது. எப்போது கண் அசந்தது என்று அவளுக்குத் தெரியாது. விடியும்போது மடியில் ஐந்து குட்டி இருந்தது. ஆறாவது, மடியிலிருந்து உருண்டு, சிமெண்டுத் தரையில் விறைத்துக் கிடந்தது.

ஊருக்கெல்லாம் தரையைப் பற்றிப் பாடம் சொன்னவளின் வீட்டில், அவள் மடியிலிருந்து ஒரு முழம் தள்ளி, தரைதான் குட்டியைக் கொன்றது. வெயிலம்மாள் அழவில்லை. வேப்பமரத்தடியில் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கழுவிவிட்டு, விஜயராஜுக்குப் போன் போட்டாள்.

"அண்ணாச்சி, குண்டு பல்பு ஒண்ணு வேணும். நூறு வாட்ஸு."

"குண்டு பல்பா? இப்பம் யாருக்கா அத விக்கா? எல்லாம் எல்இடிதான். தரட்டுமா?"

"எல்இடில சூடு வருமா?"

"வராதுக்கா. அதுக்குத்தானே அத வாங்குதாங்க."

"அப்பம் அத நீங்களே கட்டிப் புடிச்சிட்டுப் படுங்க. பழைய சரக்குல தேடிப் பாருங்க அண்ணாச்சி. அஞ்சு உசுரு."

தேடிப் பார்ப்பதாக விஜயராஜ் சொன்னார். அன்று ராத்திரி தண்ணீர் பாட்டில்களில் வெந்நீர் ஊற்றி, துணி சுற்றி, குட்டிகளுக்கு நடுவில் வைத்தாள். ஒரு மணி நேரத்தில் பாட்டில் ஆறிவிட்டது. எழுந்தாள், ஊற்றினாள், எழுந்தாள், ஊற்றினாள். விடிந்தபோது ஐந்தும் இருந்தன. ஆனால் இப்படி இன்னொரு ராத்திரி முழித்திருக்கத் தன்னால் முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. தன் கண்ணை அவள் இனிமேல் நம்பத் தயாராயில்லை.

மூன்றாம் நாள் சாயங்காலம் ஆட்டுக்குட்டிகளைப் பஞ்சாரத்தில் அடைத்துக்கொண்டிருந்தாள். பஞ்சாரம் என்பது கவிழ்த்து வைத்த பெரிய மூங்கில் கூடை. ராத்திரியில் குட்டிகளை அதற்குள் விட்டு மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுவார்கள். அவள் குட்டி எட்டு, பக்கத்து வீட்டு ஆறுமுகத்தாயின் குட்டி இரண்டு. ஆறுமுகத்தாயிடம் பஞ்சாரம் இல்லாததால் அவள் குட்டிகளும் இங்கேதான் அடையும். கடைசிக் குட்டியை உள்ளே விடும்போது வெயிலம்மாளின் கையில் வெதுவெதுவென்று காற்று அடித்தது. பத்துக் குட்டியின் மூச்சு. அடுப்பங்கரை மாதிரி இருந்தது உள்ளே.

கையில் இருந்த விடையை விட்டுவிட்டு ஊரெல்லாம் பல்பு தேடினோமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். ஐந்து நாய்க்குட்டிகளையும் கொண்டுவந்து ஆட்டுக்குட்டிகளுக்கு நடுவில் விட்டாள். ஆட்டுக்குட்டிகள் மோந்து பார்த்தன, கொஞ்சம் நகர்ந்தன, பிறகு எல்லாம் ஒரே குவியலாகப் படுத்துக்கொண்டன. பால் நேரத்துக்கு நாய்க்குட்டிகளை எடுத்தபோது ஒவ்வொன்றின் வயிறும் சுட்ட அப்பளம் போலச் சூடாக இருந்தது. விடிந்ததும் விஜயராஜுக்குத்தான் முதல் போன்.

"பல்பும் வேண்டாம், கில்பும் வேண்டாம். வெயிலம்மான்னா யாருன்னு நெனைச்சீங்க?"

போனை வைத்துவிட்டு, பஞ்சாரத்தைத் தூக்கி, நாய்க்குட்டிகளை எடுத்துக்கொண்டு, ஆட்டுக்குட்டிகளைத் தாய்களிடம் திறந்துவிட்டாள். செவலையிடம் நாய்க்குட்டிகளைக் குடிக்கப் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே கத்தல் கேட்டது.

"எக்கா! ஏ வெயிலக்கா! இங்கன வந்து பாருக்கா!"

ஆறுமுகத்தாய் நின்றாள். அவளுடைய ஆடு ஒன்று தன் குட்டியைத் தலையால் முட்டி முட்டித் தள்ளிக்கொண்டிருந்தது. குட்டி மடுவுக்குப் போகும், ஆடு அதன் பின்பக்கத்தை மோந்து பார்க்கும், மூக்கைச் சிலுப்பும், முட்டும்.

"பசி இருக்காது அதுக்கு" என்றாள் வெயிலம்மாள்.

"பசி இல்லாமலா இந்தக் கத்து கத்துது? மோந்துட்டு மோந்துட்டுல்லா தள்ளுது. என்னத்தக்கா செஞ்ச?" ஆறுமுகத்தாய் குட்டியைத் தூக்கித் தன் மூக்கில் வைத்தாள். அவள் முகம் மாறியது. "நாய் வாட அடிக்கி. நாய்க்குட்டியவா உள்ள கொண்டு போட்ட? ஆட்டுக்குட்டியோட நாய்க்குட்டியக் கொண்டு போடுவாளா ஒரு ஆட்டுக்காரி? கோட்டி புடிச்சிட்டா ஒனக்கு?"

"எங்க ஆடு ஒண்ணும் சொல்லலியே ஆறுமுகம்."

சொல்லி வாயை மூடவில்லை. பின்னால் தொழுவத்தில் அவளுடைய தலையீத்து ஆடு தன் குட்டியை உதைத்துத் தள்ளியது. அதற்கடுத்ததும் தள்ளியது. பழைய ஆடுகள் செவலையோடு பழகியவை. பேசாமல் பால் கொடுத்தன. முதல் ஈற்று ஆடுகளுக்குத் தன் குட்டி எது என்று சொல்வது மூக்கு மட்டும்தான். அந்த மூக்குக்கு நாய் வாடை என்றால் எதிரி.

இது எந்த ஆட்டுக்காரிக்கும் தெரிந்த விஷயம். வெயிலம்மாளுக்கும் தெரியும். பிறகு எப்படித் தவறினாள்? ஆட்டு வாடையும் நாய் வாடையும் இத்தனை வருடமாக அவள் சேலையிலேயே கலந்து கிடந்தன. இரண்டும் வேறு வேறு என்று அவள் மூக்கு சொல்வதை நிறுத்தி ரொம்ப நாள் ஆகிவிட்டது.

ஆறுமுகத்தாய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். "எங்குட்டி ஒண்ணு செத்துச்சோ, பாத்துக்க. இந்தச் சென்மத்துல ஒன் வாசல மிதிக்க மாட்டேன்."

"தப்புதான் ஆறுமுகம். நான் செஞ்ச தப்பு" என்றாள் வெயிலம்மாள். "குட்டி சாகாது. நான் சாகவிட மாட்டேன். ஆட்டப் புடி."

தப்பு என்ற வார்த்தையை அவள் வாயிலிருந்து ஆறுமுகத்தாய் முதல் தடவையாகக் கேட்டாள். திட்டுவதை விட்டுவிட்டு ஆட்டைப் பிடித்தாள்.

மடியிலிருந்து இரண்டு பீச்சுப் பாலைக் கையில் பிடித்து, குட்டியின் முதுகிலும் வாலடியிலும் தடவினாள் வெயிலம்மாள். ஆட்டின் கழுத்தை முழங்கால்களுக்கு நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு குட்டியை மடுவில் விட்டாள். குட்டி சப்பியது. ஆடு திமிறியது. முழங்கால் விடவில்லை. ஆறுமுகத்தாயின் ஆடு ஒன்று, தன் ஆடு இரண்டு. ஒரு நாளைக்கு நாலு தடவை இப்படிச் செய்தால் தன் பால் வாடையைத் தானே கண்டுகொண்டு ஆடு இறங்கி வரும். எப்படியும் மூன்று நாள் ஆகும்.

ஆட்டுக்குட்டிக்கு வழி பிறந்துவிட்டது. நாய்க்குட்டிக்கு? மத்தியானம் தாண்டி, நிழல் கிழக்கே சாயத் தொடங்கியது. இன்னும் மூன்று மணி நேரத்தில் பனி இறங்கும். ஐந்து உயிர், படுக்க இடம் இல்லை.

நாலு மணிக்குத் தொழுவத்தைக் கூட்டி, புழுக்கையையும் ஈரத் தழையையும் கூடையில் அள்ளிக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே ஆளுயரத்துக்கு எருக்குவியல். உச்சியில், வழக்கம்போல, மூன்று கால் தெருநாய் ஒன்று சுருண்டு படுத்திருந்தது. ஒவ்வொரு மார்கழியிலும் அது அங்கேதான் படுக்கும். ஒவ்வொரு மார்கழியிலும் வெயிலம்மாள் "சீ, குப்பையில கெடக்கு பாரு சவம்" என்று விரட்டுவாள். இன்று விரட்டக் கை ஓங்கியவள் நின்றுவிட்டாள்.

முடியில்லாத நாய், மூன்று கால், சோறு போட ஆளில்லை. எத்தனை மார்கழி தாண்டியிருக்கிறது இது?

கடப்பாரையை எடுத்து வந்து குவியலில் ஒரு முழம் ஆழத்துக்குக் குத்தி, கொஞ்ச நேரம் விட்டு உருவினாள். நுனியைத் தொட்டாள். கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். உலையில் வைத்து எடுத்த மாதிரி இருந்தது. மழையில் நனைந்த எரு, உள்ளுக்குள் மக்கி மக்கி வெந்துகொண்டிருக்கிறது. காலையில் அதிலிருந்து ஆவி பறப்பதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். பார்த்து என்ன? ஒரு நாளும் படுத்துப் பார்க்கவில்லை.

சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினாள். ஒரு சாக்கை விரித்து, நாய்க்குப் பக்கத்தில், எருக்குவியல்மேல் மல்லாந்து படுத்தாள்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஆறுமுகத்தாய் பார்த்துவிட்டாள். "ஐயையோ! எக்கா! நான் வஞ்சதுக்கா இப்பிடி வந்து படுத்துட்ட? எந்திரிக்கா!"

"சும்மா கெட ஆறுமுகம். கால் மணி நேரம் ஆகட்டும்."

"குப்பையிலக்கா?"

"ஒம் மெத்தையவிட நல்லாருக்கு. வேணும்னா வா, எடம் கெடக்கு."

கால் மணி நேரம் கழித்து எழுந்தாள். "சரி" என்றாள், தனக்குத்தானே.

போன பொங்கலுக்கு வாங்கிய அகல வாய் மண்பானையைக் கொண்டுவந்தாள். வாடைக்காற்று படாத தென்புறமாகக் குவியலைக் குடைந்து, பானையை ஒருக்களித்து உள்ளே செருகினாள், வாய் வெளியே பார்க்கும்படி. பானைக்குள் அவளால் படுக்க முடியாது. முழங்கை வரைக்கும் கையை விட்டு உட்கார்ந்திருந்தாள். கொஞ்ச நேரத்தில் கை வேர்த்தது. குட்டிக்கு இது அதிகம். பானையை ஒரு சாண் வெளியே இழுத்தாள். மறுபடியும் கை. இப்போது பிள்ளையைத் தூக்கி வைத்த இடுப்பு மாதிரி இருந்தது. அடியில் காய்ந்த மக்காச்சோளத் தோகை, அதன்மேல் சணல் சாக்கு, வாய்க்குப் பாதி மூடும் துணி. மோந்து பார்த்தாள். தன் மூக்கை நம்பாமல் ஆறுமுகத்தாயையும் வேலிக்கு இந்தப் பக்கம் கூப்பிட்டாள்.

"மோந்து பாரு. எருவாட கண்ணக் கரிக்கா?"

ஆறுமுகத்தாய் தலையை உள்ளே விட்டு எடுத்தாள். "கரிக்கல. மண்ணு வாடதான் அடிக்கி." பிறகு, கோபம் இன்னும் தீரவில்லை என்பதைக் காட்டுவதற்காக, "எங்குட்டிக்கு அடுத்த பால் எப்பம்?" என்றாள்.

"விளக்கு வச்சதும். ஆட்டப் புடிச்சிட்டு வா."

அன்று ராத்திரி பதினொரு மணிக்குக் கரண்ட் போய், மூன்று மணிக்குத்தான் வந்தது. குப்பைக்குக் கரண்ட் எதற்கு? வெயிலம்மாள் பால் நேரத்துக்கு மட்டும் எழுந்தாள். ஒவ்வொரு தடவையும் பானைக்குள் கையை விட்டு எண்ணினாள். ஐந்து. வயிறுகள் சூடு. தாயிடம் கொண்டுபோய் விட்டாள், குடித்தன, திரும்பப் பானை. நடுவில் அடித்துப் போட்ட மாதிரித் தூங்கினாள்.

காலையில் மோட்டார் சைக்கிள் சத்தம். பனியில் தலையைத் துண்டால் சுற்றிக்கொண்டு விஜயராஜ் வந்து இறங்கினார். கையில் அட்டைப்பெட்டி.

"நீங்க வேண்டாம்னாலும் மனசு கேக்கலக்கா, பரணையெல்லாம் தேடி எடுத்தேன். நூறு வாட்ஸ். பிலிப்..." என்று ஆரம்பித்தவர், குப்பைக்குள்ளிருந்து வெயிலம்மாள் நாய்க்குட்டிகளை ஒவ்வொன்றாக உருவி எடுப்பதைப் பார்த்து நிறுத்திவிட்டார். "என்னக்கா இது?"

"கை வச்சுப் பாருங்க அண்ணாச்சி."

வைத்தார். நாற்பது கிலோமீட்டர் பனியில் வந்த கை. வெகுநேரம் அதை அவர் வெளியே எடுக்கவில்லை.

"பல்பு?" என்றார்.

"ஒங்க கடையில கண்ணாடிப் பெட்டிக்குள்ள பார்வைக்கு வச்சிக்கிடுங்க. காப்பி குடிக்கீங்களா?"

மூன்றாம் நாள் ஆறுமுகத்தாயின் ஆடு, யாரும் பிடிக்காமலே, குட்டியைப் பக்கத்தில் விட்டது. வெயிலம்மாளின் ஆடு இரண்டில் ஒன்று மறுநாள் இறங்கியது. மற்றது ஒரு வாரம் முரண்டு பிடித்துப் பிறகு வழிக்கு வந்தது. செவலையின் தையல் ஆறியது. காய்ச்சல் விட்ட அன்று அது தானாகவே நொண்டிக்கொண்டு பின்பக்கம் போய், பானை வாயை அடைத்துப் படுத்துக்கொண்டது. மூன்று கால் நாயை ஒரு தடவை உறுமிப் பார்த்தது. அது நகரவில்லை. செவலையும் விட்டுவிட்டது. பிறந்த பதினாலாம் நாள் முதல் குட்டி கண் திறந்தது. அடுத்த இரண்டு நாளில் ஐந்தும் திறந்துவிட்டன.

"வெயிலம்மா வீட்டுக் குட்டி குளிர்ல செத்ததில்ல" என்று இப்போது அவள் சொல்வதில்லை. "ஒண்ணு செத்துச்சு. என் மடியிலேருந்துதான் விழுந்து செத்துச்சு" என்று போனில் கேட்கிறவர்களிடம் முதலில் அதைச் சொல்வாள். பிறகு, "இப்பம் சொல்லுதத நல்லாக் கேளுங்க" என்று ஆரம்பிப்பாள். முன்னைவிட அதட்டல் கூடியிருக்கிறதே தவிரக் குறையவில்லை.

தை கடைசியில், குட்டிகள் ஓடித் திரிந்த ஒரு காலையில், ஆறுமுகத்தாய் வேலியோரம் வந்து நின்றாள். வந்த விஷயத்தைச் சொல்லாமல் ஆட்டைப் பற்றிப் பேசினாள், உளுந்தைப் பற்றிப் பேசினாள்.

"என்னட்டி, வாயில கொழக்கட்டையா? சொல்லு."

"அந்த நெத்தியில வெள்ள உள்ளது இருக்குல்லா. அத எனக்குத் தாக்கா."

"நாய் வாட அடிக்குமே."

"அதெல்லாம் எங்க ஆடு பழகிக்கிடும்."

வெயிலம்மாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு வேலியைத் தாண்டினாள்.

"எங்கன படுக்கப் போடுவ? காட்டு."

ஆறுமுகத்தாய் தொழுவத்து மூலையைக் காட்டினாள். நான்கு செங்கல், ஒரு பலகை, துவைத்துக் காயவைத்த சணல் சாக்கு இரண்டு. வெயிலம்மாள் அதில் மல்லாந்து படுத்துக் கண்ணை மூடினாள்.

"எக்கா, காப்பி போடட்டா?"

"கால் மணி நேரம் ஆகட்டும்" என்றாள் வெயிலம்மாள்.